பக்கத்து சீட்டுக்கு எத்தனை கிலோ

போன வருஷம் மலைப்பாதைப் பந்தயத்திலிருந்து அவர்களைத் திருப்பி அனுப்பியது ஒரு முழ நூல்.

பரிசோதகர் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே மட்கார்டின் விளிம்பில் நூலைப் பிடித்து, நுனியில் கட்டிய ஈயக் குண்டைக் கீழே தொங்கவிட்டார். நூல் டயரில் படாமல் தொங்கினால் வண்டி உள்ளே போகலாம். அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் பின் டயர் இரண்டும் நூலை வெளியே தள்ளிக்கொண்டு நின்றன.

"டயர் வெளிய எட்டிப் பாக்குது டாக்டரம்மா," என்றார் அவர். "அது உள்ள போனப்புறம் வாங்க."

டாக்டர் என்றால் பல் டாக்டர். வண்டி ஓட்டுவது அவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வளைவுகளை முன்கூட்டியே வாசித்துச் சொல்வது அவளுடைய அக்கா. அக்கா வக்கீல். அன்றைக்கு விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாதாடினாள். பரிசோதகர் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு வீட்டில் நூல்காரர் என்றுதான் பெயர். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். இரண்டாவது முறையும் பரிசோதனையில் திரும்பிப் போனால், ஸ்போர்ட்ஸ் கார் பிரிவில் அப்புறம் சேர்க்கவே மாட்டார்களாம்.

அந்தச் சக்கரங்களை வாங்கி மாட்டியது டாக்டரின் வீட்டுக்காரர். அவர் போட்டோகிராஃபர், எதையும் படத்தில் எப்படி விழும் என்றுதான் பார்ப்பார். ஆஃப்செட் குறைந்த சக்கரமாகப் பார்த்து வாங்கியிருந்தார். போல்ட் முடுக்குகிற முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். வண்டி தோளை விரித்துக்கொண்டு நிற்கும். படத்தில் பிரமாதமாக விழுந்தது, சும்மா சொல்லக் கூடாது. திரும்பி வந்த வண்டியின் படம் இன்னும் ஸ்டுடியோ சுவரில் தொங்குகிறது.

இந்த வருஷம் அளவு பார்க்கும் வேலையை டாக்டர் தன் கையில் எடுத்துக்கொண்டாள். பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே டயர்க்கடைக்குப் போனாள். வீட்டுக்காரரும் கூடவே போனார். கடைக்காரருக்குப் பஞ்சர் என்று பட்டப்பெயர். அவர் பஞ்சர் ஒட்டி எத்தனையோ வருஷமாகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு விட்டது.

வீட்டுக்காரர் நேராகப் பத்தொன்பது இன்ச் சக்கரத்தின் முன்னால் போய் நின்றார். டாக்டர் அவரைத் தாண்டிப் போய், கம்பெனி கொடுத்த பதினேழு இன்ச்சே போதும் என்றாள். சக்கரம் பெரிதானால் கனம் கூடும், டயரின் பக்கச் சுவர் மெலியும், மலைப்பாதையில் ஒரு கல்லில் ஏறினால் சக்கரமே நெளியும் என்று காரணமும் சொன்னாள். ஏழரை இன்ச் அகலம், ஆஃப்செட் கம்பெனி கொடுத்த அதே நாற்பத்தைந்து. அதில் பேச்சே இல்லை. தோளை விரித்தது போன வருஷத்தோடு போதும்.

டயரில்தான் இழுபறி. பஞ்சர் 225/45 போடச் சொன்னார். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கம்பெனி டயர் 215/45. ஆக இது கொஞ்சம் அகலம், கொஞ்சம் உயரம். சாலையை நன்றாகப் பிடிக்கும், கடையிலேயே இருப்பும் இருக்கிறது, எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றார் அவர்.

"எல்லாரும் போடுறது இருக்கட்டும் அண்ணே. என் வண்டியில மட்கார்டைக் கடிக்குதான்னு பாத்துட்டு சொல்றேன்," என்றாள் டாக்டர்.

அதற்கு அவள் கொண்டுவந்தது கிளினிக்கில் பல்செட் செய்யும்போது பயன்படும் இளஞ்சிவப்பு மெழுகு. வெந்நீரில் போட்டு இளக்கி, விரல் தடிமனுக்குச் சேர்த்து, பின் சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உட்பக்கம் ஒட்டினாள். பஞ்சர் சோதனைக்கென்று ஒரு ஜோடி டயரை மாட்டிக் கொடுத்தார். சக்கரத்தை ஒரு மரக்கட்டையில் ஏற்றினால் அது எழும்பி மெழுகை அழுத்தும். அழுந்தியது போக மிச்சம் எவ்வளவு மெழுகு நிற்கிறதோ அதுதான் இடைவெளி. பரிசோதனையிலும் இதே மாதிரி மேட்டில் ஏற்றித்தான் பார்ப்பார்கள். டயர் உரசிய தடம் உள்ளே தெரிந்தால் போச்சு.

பஞ்சர் குனிந்து பார்த்துவிட்டு, வண்டிக்கே பல் கட்டுகிறீர்களா என்று கேட்டார். தினம் நாற்பது பேரை வாயைத் திறக்க வைக்கிறவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை என்று டாக்டர் பதில் சொன்னாள்.

வக்கீலக்காவுக்கு அன்று கோர்ட் இருந்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தால் அந்தப் பக்கம் வண்டி அமுங்காதே. அக்காவுக்குப் பதிலாக மணல் மூட்டை வைக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். மூட்டைக்கு பெல்ட்டும் போட்டுவிட்டார். டாக்டர் ஓட்டுநர் சீட்டில் ஏறி, வண்டியைக் கட்டையில் ஏற்றி இறக்கினாள். மெழுகை உரித்து அளந்தாள். மிகவும் மெலிந்த இடத்தில் நாலு மில்லிமீட்டர் இருந்தது. போதும். 225/45 என்று முடிவாகி, மறுநாள் நாலு சக்கரத்துக்கும் மாட்ட ஏற்பாடாயிற்று.

சாயந்தரம் கோர்ட்டிலிருந்து வந்த அக்கா கறுப்புக் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்டாள். மெழுகைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணல் மூட்டை என்ற வார்த்தை வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பதிலா எத்தனை கிலோ வெச்சீங்க மாப்ள?"

வீட்டுக்காரர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக நினைவில்லை என்றார். பஞ்சர்தான் தூக்கிப் போட்டார் என்றார். பிறகு, ஒரு நாற்பத்தஞ்சு இருக்கலாம் என்றார்.

"நாற்பத்தஞ்சு."

"மரியாதைக்குத்தான்க்கா."

"நான் ஸ்கூல்ல படிக்கும்போதே ஐம்பத்தஞ்சு மாப்ள. இப்ப எழுபத்தெட்டு. எங்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேக்க மாட்டீங்களா?"

கேட்டிருக்கலாம். கேட்கத்தான் அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. டாக்டருக்கும் வரவில்லை. மூட்டை இளைத்துப்போய் உட்கார்ந்திருந்ததை அவளும் பார்த்தாள். பார்த்தும், அக்காவின் எடையை வாய்விட்டுச் சொல்ல மனசில்லாமல், பெல்ட் போட்ட மூட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு சாவியைத் திருப்பினாள். வாயில் எங்கே கடி இடிக்கிறது என்று நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்கிறவள், தன் வண்டிக்குக் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

மூவரும் அப்படியே கடைக்குப் போனார்கள். பஞ்சர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். டாக்டர் புது மெழுகு ஒட்டினாள். அக்கா கோட்டோடு ஏறி, பெல்ட் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பையும் பந்தயத்துக்கு வரும், அதையும் சேர்த்துக்கொள் என்றாள். வண்டி கட்டையில் ஏறி இறங்கியது. மெழுகை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தபோது, நடுவில் ஒரு ஓட்டை. அதன் வழியாக விளக்கு தெரிந்தது.

இதோடு போயிருந்தால் மேட்டிலேயே மாட்டியிருப்பார்கள். மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடக்கலாம் என்றார் பஞ்சர். விதியில் இடமில்லை என்றாள் அக்கா. பிறகு வீட்டுக்காரர், யார் முகத்தையும் பார்க்காமல், ஸ்டுடியோவில் வேலை செய்கிற பெண் ரொம்ப ஒல்லி, நன்றாக வாசிப்பாள், இந்த ஒரு வருஷம் மட்டும் என்று ஆரம்பித்தார்.

அக்கா மறுக்கவில்லை. அதுதான் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. எதிலும் இரண்டு வார்த்தை கூடப் பேசுகிற அக்கா, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வேணும்னா அப்படியே செய்யலாம்டி, உனக்கு இது கடைசி வாய்ப்பு என்றாள்.

"ஆளை மாத்துறதா இருந்தா நான் பந்தயத்துக்கே போகல," என்றாள் டாக்டர். "உன் குரல் இல்லாம எனக்கு வளைவே தெரியாது. மாத்த வேண்டியது டயரை. இறங்காதக்கா, உக்காரு."

மெழுகை வைத்துவிட்டு அங்கேயே கணக்குப் போட்டாள். 235/40. அகலம் இன்னும் பத்து மில்லிமீட்டர் கூடும், பக்கத்துக்கு ஐந்து. ஆனால் பக்கச் சுவர் குறைவதால் டயரின் உச்சி ஏழு மில்லிமீட்டர் கீழே இறங்கும். மேலே இடம் கிடைக்கும்; பக்கவாட்டில் நூல் நெருங்கும். வண்டி கொஞ்சம் கடினமாகக் குதிக்கும், இடுப்பு வலிக்கும் என்று பஞ்சர் எச்சரித்தார். வலிக்கட்டும் என்று சகோதரிகள் இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

அந்த அளவு அவரிடம் இல்லை. வெளியூரில் சொல்லி வைத்தார். நாள் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் வீட்டுக்காரர், கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றலாமே என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். டாக்டர் அவரிடம் ஓட்டை விழுந்த மெழுகை நீட்டினாள். பரிசோதனைக்கு முந்தின நாள் டயர் வந்து இறங்கியது. அக்காவை உட்கார வைத்து, பையை மடியில் கொடுத்து, கட்டையில் ஏற்றினார்கள். மெழுகில் ஐந்து மில்லிமீட்டர் மிஞ்சியது. வீட்டுக்காரர் ஈயக் குண்டுக்குப் பதில் ஸ்டுடியோ சாவிக்கொத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். படவில்லை. ஆனால் நடுவில் ஒரு தாள் போகிற இடம்தான் இருந்தது.

நூல்காரர் அவர்களை மறக்கவில்லை. நூலைப் பிரித்தார். குண்டு ஆடி ஆடி நின்றது. அவர் தரையில் முழங்காலை ஊன்றி, நூலுக்கும் டயருக்கும் நடுவே கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அடுத்த சக்கரத்துக்குப் போனார். நாலாவது முடிந்ததும், இரண்டு பேரும் ஏறுங்கள், மேட்டில் ஏற்றிக் காட்டுங்கள் என்றார்.

அக்கா ஏறிப் பெல்ட்டை இழுத்துப் போட்டாள். பையை மடியில் வைத்தாள். எதிரே மேடு தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வயித்தை எக்கிக்கவாடி?"

"வேண்டாம்க்கா. நல்லா சாஞ்சு உக்காரு. உன் எடைக்குத்தான் அளவெடுத்திருக்கு."

அக்கா சாய்ந்தாள். வண்டி ஏறியது, அமுங்கியது, இறங்கியது. நூல்காரர் டார்ச்சோடு உள்ளே தலையை விட்டு, விரலால் தடவிப் பார்த்தார். விரலில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இது என்ன என்று கேட்டார்.

"பல் மெழுகு," என்றாள் டாக்டர். "டயர் தடமில்ல."

அவர் விரலை முகர்ந்து பார்த்தார். கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒதுங்கி நின்று, கையை மலைப்பக்கம் காட்டினார்.

வண்டி பந்தயம் தொடங்கும் கோட்டில் போய் நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கொடி ஏறுவதற்கு முன்னால் அக்கா வளைவுகள் எழுதிய தாளை விரித்து, கோர்ட்டில் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"நேரா போ. அப்புறம் இடது, இறுக்கமான வளைவு. உள்பக்கம் கல்லு கெடக்கு, ஏறிடாத."