ஒன்றாம் நம்பர் பட்டன்

ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் கேப்ரியலிடம் கருத்துக் கேட்டவர் யாரும் கிடையாது. கேட்காமலே கிடைக்கும்போது யார் கேட்பார்கள்? சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஒரு லாரி கம்பெனியில் முப்பது வருடம் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கைக்குத்தான், வாய்க்கு இல்லை. டிவி நகைச்சுவைத் தொடர் என்றால் அவருக்கு உயிர். அதைப் பற்றிப் பேசுவதென்றால் உயிருக்கும் மேல்.

அவருடைய கொள்கைகள் லியாகத் அலியின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் போடுகிறவருக்குக்கூட மனப்பாடம். பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்க்கிறவனுக்குத் தன் ஜோக்கின் மேலேயே நம்பிக்கை இல்லை. தொடர் தள்ளாடினால் அதில் ஒரு கல்யாணம் வைப்பார்கள். கல்யாணமும் கைகொடுக்காவிட்டால் குழந்தை பிறக்கும். அந்தக் குழந்தை பேச ஆரம்பித்தால் தொடருக்குச் சங்குதான். இந்த வியாதி எதுவும் அண்டாத ஒரே தொடர் 'லிஃப்ட் ரிப்பேர்' என்பது அவர் தீர்ப்பு. பதினேழு மாடி பிளாட்டில், ஓடாத லிஃப்டின் முன்னால் நின்று பேசிக்கொண்டே இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் கதை. வெள்ளிக்கிழமை எட்டரைக்கு வரும். அவரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை என்பது மட்டும் ஒரு சிறு குறை. ரேட்டிங் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

அந்த நேரம் பார்த்து, யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் ரேட்டிங் பெட்டி அவர் வீட்டுக்கே வந்தது. கேப்ரியல் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினார். பெட்டியை மாட்ட வந்த ஜெயபாலன் பொறுமையாக விளக்கினான்.

"அங்கிள், நீங்க ஒன்னாம் நம்பர், ஆன்ட்டி ரெண்டாம் நம்பர். டிவி முன்னால யாரு ஒக்கார்றாங்களோ அவங்க நம்பர அமுக்கணும். வெளக்கு எரியும். எந்திரிச்சுப் போனா திரும்ப அமுக்கி அணைச்சிருங்க. ஒங்க வீட்டுப் பெட்டி ஆயிரம் தமிழ் வீட்டுக்குச் சமம் லா. ஆனா பெட்டி இருக்கிறத யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

யாரிடமும் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்து, சாயங்காலத்துக்குள் சிலிபின் முழுக்கச் சொல்லிவிட்டார். மனைவி கெர்ட்ரூட்டிடம் மட்டும், "பட்டன ஒழுங்கா அமுக்கு" என்று ஒருதரம் சொன்னார். எந்தத் தொடருக்கு என்று சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது?

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் எட்டரைக்கு லியாகத் அலி கடையில் போய் உட்கார்ந்து தொடரைக் காப்பாற்றினார். அங்கே பெரிய திரை. எதிரே, காசு கொடுத்துச் சாப்பிட வந்த பாவத்துக்கு, நாற்பது காதுகள்.

"அண்ணே, ஒங்க வீட்ல டிவி இல்லியா?" என்று லியாகத் அலி ஒருநாள் கேட்டார். பந்தாட்டம் பார்க்க வந்தவர்கள் எழுந்து போன வருத்தம் அவருக்கு.

"இருக்கு பாய். காமெடிய தனியா பாக்கக்கூடாது லா."

"அக்கா இருக்காங்களே?"

"அவளா? அவளுக்கு அழுகதான் புடிக்கும்."

பெட்டி வீட்டில், தான் கடையில் என்பது ரேட்டிங் நிபுணருக்கு ஒருதரம்கூட உறைக்கவில்லை.

ஏழாவது வெள்ளிக்கிழமை, தே தாரிக் டீ வருவதற்குள் கைப்பேசியில் செய்தி வந்தது. 'லிஃப்ட் ரிப்பேர்' அடுத்த வாரத்தோடு நிறுத்தம். அதே நேரத்தில் இன்னொரு சேனலில் ஓடும் 'தீராத தாலி' இன்னும் இருநூறு பாகம் நீட்டிப்பு. காரணமும் போட்டிருந்தார்கள்: ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் எதிர்பாராத வரவேற்பு.

"எந்தக் கெழட்டுப் பய லா ஒக்காந்து இந்த ஒப்பாரியப் பாக்குறான்?" கேப்ரியல் மேசையைக் குத்தினார். "வெக்கங்கெட்டவன்! இவனால நல்ல தொடர் ஒன்னு செத்துப்போச்சு!"

அதற்குமேல் உட்கார மனம் வரவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்தால் டிவியில் ஒரு மருமகள் தூணைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கெர்ட்ரூட் சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் இரண்டு விளக்குகள் எரிந்தன.

"கெர்ட்ரூட், நான் வீட்லயே இல்ல. என் பட்டன யாரு அமுக்குனா?"

"நான்தான். நீங்க இல்லாதப்பல்லாம் இதுக்கு நம்ம ரெண்டு பேருதயும் அமுக்கிருவேன்."

"எதுக்கு?"

"பின்ன? வெள்ளிக்கெழம ஆனா வீட்டு ஆம்பள வீட்ல இல்லன்னு பெட்டிக் கம்பெனிக்காரனுக்குத் தெரியணுமா? எங்க போறாரு, யாரப் பாக்கப் போறாருன்னு பேச மாட்டானா? ஒங்க மானத்த நான்தானேங்க காப்பாத்தணும்."

கேப்ரியலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதை அவள்மேல் காட்ட வழியில்லை. ஏழு வெள்ளிக்கிழமை காலியாக இருந்த இடத்துக்குக் காவலிருந்தவளை எந்த வாயால் திட்டுவது? வெட்கமாக இருந்தது. தொடர் நிற்கப்போகிற செய்தியை அவளிடம் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லுகிற மனுஷன் வீட்டில் எதைத்தான் சொல்லியிருக்கிறார்?

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போகவில்லை.

"இன்னைக்கு ஒரு நாளு நான் பாக்குறத பாப்போமா?" என்று கேட்டார். கெர்ட்ரூட் ஆச்சரியத்தோடு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கடைசிப் பாகத்தில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்கள். கதவு திறந்தும் ஒருவரும் ஏறவில்லை. பேச்சு சுவாரசியத்தில் பதினேழாம் மாடிக்காரர் படியில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கெர்ட்ரூட் முதலில் லேசாகச் சிரித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்துப் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை. அரைமணி நேரமும் அவர் ஒரு கருத்தும் சொல்லவில்லை.

"சூப்பரா இருக்குங்க," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "அடுத்த வெள்ளிக்கெழமயும் இதே நேரந்தானே? நான் அந்தத் தாலிய விட்டுட்டு இதையே பாக்குறேன்."

கேப்ரியல் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"முடிஞ்சிருச்சு. இனிமே வராது. நிறுத்திட்டாங்க."

"அடப்பாவமே!" கெர்ட்ரூட்டுக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது. "இவ்ளோ நல்லாருக்கு, எந்த மடயன் பாக்காம விட்டான்?"