ஈரச்சுவர்

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து பெயிண்டர் தினமும் காலையில் ஒற்றைக்காலில் நின்றான். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த துண்டுச் சுவர்தான் இடம். மற்ற சுவர்களைக் கட்டிலும் மனைவியின் தையல் மெஷினும் பிடித்துக்கொண்டிருந்தன. வலதுகாலைத் தூக்குவான், உடைந்து கூடிய இடதுகாலில் நிற்பான், விரல்நுனிகளைச் சுவரில் வைத்துக்கொள்வான். சும்மா ஒரு ஒத்தாசைக்கு.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுத்த பெண்மணி தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். ஒன்று சுலபமானால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ; சுவரை விடு, பிறகு தலையணைமேல் நில், பிறகு கையில் கனத்தோடு நில்; தெரிந்ததையே செய்துகொண்டிருந்தால் கால் தூங்கிவிடும் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு வந்து தெரிந்ததையே செய்தான். நிற்கும் நேரத்தை மட்டும் கூட்டினான். செக்குமாடும் நாள் முழுக்க நடக்கத்தான் செய்கிறது.

கோளாறு காலில் இல்லை. மாடிப்படிச் சுவருக்கு பெயிண்ட் அடித்தபோது ஏணியின் அடி வழுக்கியது. தரையில் அது போட்ட கிறீச்சென்ற சத்தம் காதுக்குள் குடியேறிவிட்டது. எங்காவது நாற்காலியை இழுத்தால் கை தானாகச் சுவரைத் தேடியது. விரலைச் சுவரிலிருந்து எடுத்தால் அந்தச் சத்தம் திரும்ப வரும் என்று நம்பினான். வெளியே சொன்னதெல்லாம் கால் இன்னும் சரியாகவில்லை என்பதுதான். அதில் மானம் போகவில்லை.

ஒருநாள் மைத்துனன் வந்தான். ஏணி பிடிப்பவன், இரண்டு பேருக்கும் ஒரே காண்டிராக்டர். நாளைக்கு ஏணி ஏறினால் பழைய இடம், ஏறாவிட்டால் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். சொல்லி முடித்துவிட்டு அவன் நிற்கும் கோலத்தைப் பார்த்தான்.

"கொக்கே தோத்துடும் மச்சான். அதாச்சும் மீன் புடிக்கும்."

மனைவி சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தாள். தோள் உயரத்தில் ஐந்து விரல் கறுப்பாகப் பதிந்திருந்தது.

மறுநாள் அவன் குளித்துவிட்டு வந்தபோது வீடெங்கும் பெயிண்ட் வாடை. கட்டிலுக்கடியில் கிடந்த பழைய டின்னைத் திறந்து, துண்டுச் சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூசியிருந்தாள். கீழே ஒரு தலையணை கிடந்தது.

"கதவுக்கு அடிக்கிற எனாமல யாராவது சுவத்துக்கு அடிப்பாங்களா?"

"அதுதான் சீக்கிரம் காயாதுன்னு சொல்லுவீங்களே. ஏறி நில்லுங்க."

"எதப் புடிச்சுக்கிட்டு?"

அவள் பிரஷ்ஷைத் துடைத்தாள். கால் இன்னும் சரியாகவில்லை என்று அவன் ஆரம்பித்தான்.

"காலுக்கு ஒண்ணுமில்லங்க. நான் ஸ்டூல இழுக்கிறப்ப உங்க மூஞ்சியப் பாத்திருக்கேன்."

கொஞ்ச நாளாக அவள் ஸ்டூலை இழுக்காமல் தூக்கித்தான் வைக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

தலையணைமேல் ஏறினான். வலதுகாலைத் தூக்கியதும் கணுக்கால் வெடவெடத்தது. உடம்பு சாய்ந்தது, கை சுவருக்குப் பாய்ந்தது. ஈர வாடை முகத்தில் அடிக்கவும் அங்கேயே நின்றுவிட்டது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து காயாத பெயிண்டில் கை வைத்தவனில்லை. கை நின்றதே தவிர உடம்பு நிற்கவில்லை. பிடிக்க எதுவுமில்லை. கிறீச்சென்றது காதுக்குள். செத்தோம் என்று நினைத்தான். கால்விரல்கள் தலையணையைக் கவ்வின, கணுக்கால் அப்படியும் இப்படியும் ஆடியது, ஆடி நின்றது.

கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அடுத்த தடவை கட்டிலிலேயே விழுந்தான். அதற்கடுத்து நின்றான். அவள் பெயிண்ட் டின்னை அவன் கையில் கொடுத்தாள். மறுபடி விழுந்தான், மறுபடி நின்றான். தெருவில் மைத்துனன் ஹாரன் அடித்தான்.

"பயமா இருக்கு" என்றான் வாசலில். அதை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும். கிளம்புங்க."

மத்தியானம் வேலை நடந்த வீட்டில், படிக்கட்டுச் சுவரில் பாதி ஏணி ஏறியிருந்தான். ஒரு கையில் டின், இன்னொன்றில் பிரஷ். கீழே ஏணி ஒரு விரற்கடை நகர்ந்தது. கிறீச். இந்தத் தடவை அது காதுக்குள் இல்லை, தரையில். முழங்கை சுவரை நோக்கிப் போய், தானே அடித்த ஈரத்துக்கு முன்னால் நின்றது. இடது பாதம் படியைக் கவ்வியது.

"டேய்."

"புடிச்சிருக்கேன் மச்சான்." மைத்துனனின் குரலும் நடுங்கியது.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இறங்கிவிடலாமா என்று நினைத்தான். சுவரின் மேல்பாதி இன்னும் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த படியில் கால் வைத்தான். பயமும் கூடவே ஏறியது.