மாத்திரை போடாத மனுஷன்

டிங்கர் பொய் சொல்ல ஆரம்பித்தது ஒரு பன்னுக்காக. பெரிய பொய்க்குப் பெரிய காரணம் இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாளிகள். மேலே சர்க்கரை தூவின, மெத்தென்ற பன். பட்டறைக்கு எதிர்க்கடையில் டீயில் முக்கித் தின்னுவது. அவ்வளவுதான்.

அவர் தொழில் காரில் விழுந்த ஒடுக்கை எடுப்பது. உள்ளே கட்டையைக் கொடுத்து, வெளியே சுத்தியலால் தட்டித் தட்டித் தகட்டைப் பழைய வளைவுக்குக் கொண்டுவருவார். தட்டினால் வராத இடத்தில் பட்டி பூசித் தேய்த்துவிடுவார். அதற்குமேல் பெயின்டர் வண்ணம் அடித்துவிட்டால் வண்டிக்காரனுக்கே எங்கே இடித்தோம் என்று தெரியாது. இருவரும் ஒரே பட்டறையில் தலை நரைத்தவர்கள். பெயின்டர் இவரை மச்சான் என்பார், அதனால் இவர் மனைவி அவருக்குத் தங்கச்சி. ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை இருவருக்கும் இருந்தது, அந்தச் சம்பந்தம்தான்.

மனைவி ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவளாக இருந்தாள். காலையில் நின்றால் இரவு கடை சாத்தும்வரை உட்காரக் கூடாது. மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் பேச ஆளில்லை. புருஷன் இருந்தாரே என்றால், அவர் பேசுகிற ரகம் இல்லை. அப்போதுதான் போனில் ஒரு படிப்பில் சேர்ந்தாள். முழுமை ஊட்டச்சத்து என்று பெயர். வீங்கின காலை வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு, போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்பாள்.

"திங்கிறதுக்கு ஒரு படிப்பா? நான் எந்தக் காலேஜ்ல படிச்சிட்டு மெல்றேன்?"

"நீங்க எங்க மெல்றீங்க? முழுங்குறீங்க. அதுக்குத்தான் படிக்கிறேன்."

டிங்கருக்குப் படித்தவன் பேச்சில் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் சொன்னதில் சிலது மண்டையில் ஏறத்தான் செய்தது. வயிறு தனி, தூக்கம் தனி, கோபம் தனி என்று உடம்பு பாகம் பிரித்து வைத்துக்கொள்ளவில்லையாம். என்ன தின்கிறாய் என்பதோடு எப்போது தின்கிறாய், யாரோடு உட்கார்ந்து, யார்மேல் கடுப்பாகித் தின்கிறாய் என்று எல்லாம் கேட்க வேண்டுமாம். கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் சக்கரத்தை மட்டும் பார்க்கிறவன் மெக்கானிக் இல்லை, அதுமாதிரி என்று டிங்கர் தனக்குள் வைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை.

படிப்பின் கடைசியில் ஓர் ஆளை எடுத்து, மாதக்கணக்கில் கூடவே இருந்து, சாப்பாடு தூக்கம் நடை எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி, உடம்பு தேறினதைக் காட்ட வேண்டும். அவள் கட்டின புருஷனையே எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் அவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, கொஞ்ச நாள் சாப்பாட்டில் பாருங்கள், இறங்காவிட்டால் மாத்திரை என்று சொல்லியிருந்தார்கள்.

முதலில் நன்றாகத்தான் போனது. கீரை தின்றார், பயறு தின்றார், விடிந்ததும் நடந்தார். இடுப்புப் பட்டை இரண்டு துளை உள்ளே போனது. குறட்டை குறைந்தது. பொய் சொல்லக் கூடாது, அவள் படிப்பில் சரக்கு இருந்தது. கெடுத்தது பன்தான். ஒரு நாள் சும்மா தின்று பார்த்தார். மறுநாள் கால் தானாக எதிர்க்கடைக்குப் போனது. அப்புறம் தினமும். வீட்டில் வாயைக் கொப்பளித்துவிட்டு நுழைவார், குடித்துவிட்டு வருகிறவன்மாதிரி.

அவள் படிப்புக்காக ரத்தம் எடுத்துக் காட்டும் நாள் நெருங்கியது. தன்னால் அவள் தோற்றுவிடுவாள் என்று ஒரே பயம். யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, இனி மாத்திரை போட்டாக வேண்டும் என்றார். போட்டார். அட்டையைக் காலியான பட்டி டப்பாவுக்குள் வைத்து மூடினார். பட்டறையில் எவனும் அதைத் திறக்க மாட்டான்.

ரத்தப் பரிசோதனை பிரமாதமாக வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் போட்டு அழுதாள். "உங்கப்பாவை நான் சரிபண்ணிட்டேன்டி!" பக்கத்தில் நின்ற மனுஷன் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். சிரித்தார்.

அதோடு பொய் வளர்ந்துவிட்டது. அவள் ஜவுளிக்கடையை விட்டாள். சாவி வெட்டுகிற கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தாள். எடை பார்க்கும் மெஷின், இரண்டு நாற்காலி, எவ்வளவு சாப்பிடலாம் என்று காட்டுவதற்குப் பிளாஸ்டிக்கில் முட்டை, பழம், ரொட்டித் துண்டு. திறந்த அன்று பெயின்டர் அந்த முட்டையை எடுத்துக் கடித்தே பார்த்துவிட்டார். "என்ன தங்கச்சி, வேகவே இல்லையே!" ஊரே அவளை டயட் அக்கா என்றது. காலில் வீக்கம் வற்றியது. முகத்தில் ஒரு களை வந்தது. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள்.

கூட்டத்தில் அவள் ஒழுங்காகத்தான் பேசுவாள். "மாத்திரையை நிறுத்துறது, குறைக்கிறது எல்லாம் உங்க டாக்டர் வேலை. என்கிட்ட கேக்காதீங்க" என்று எல்லா இடத்திலும் சொல்வாள். ஆனால் சொன்ன கையோடு முன்வரிசையைக் காட்டுவாள். "இதோ உக்காந்திருக்காரே, இவரு என் வீட்டுக்காரர். சாப்பாட்டுலேயே சரியானவரு. இன்னிக்கு வரைக்கும் ஒரு மாத்திரை போட்டதில்ல." சனம் எதைக் கேட்கும்? கழுத்தை நீட்டி அவரைப் பார்க்கும். அவர் திரும்பிச் சிரிப்பார். ஒடுக்கு இருந்த இடம் தெரியாத கார்மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருப்பார்.

பஸ் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டது அப்படித்தான். அவர்களுடைய டிரைவர்களையும் கண்டக்டர்களையும் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டுமாம். சாயங்காலம் வந்து பேசுங்கள், பிடித்திருந்தால் வேலை உங்களுக்கு, வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள் என்றார்கள். அவளுக்குக் காலிலிருந்து தலை வரைக்கும் சந்தோஷம்.

அன்று காலையில் டிங்கர் பட்டறைக்குள் போனபோது, பெயின்டர் ஒரு வெள்ளைக் காரைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலைக்குச் செருப்பைக் கழற்றிவிடுவார். தரையெல்லாம் சிவப்பாகக் கால் தடம்.

"வெள்ளை வண்டிக்கு எதுக்குடா சிவப்பு?"

"சிவப்பா? நான் எங்க கலக்கினேன்?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள். டிங்கர் குனிந்து அவர் காலைத் தூக்கித் திருப்பினார். குதிகாலில் ஒரு தகட்டுச் சீவல் ஏறியிருந்தது. டிங்கர் வெட்டி எறிந்த சீவல்தான். அது இன்று நேற்று ஏறினதில்லை. சுற்றிலும் சதை கறுத்து, ஒரு வாடை.

"வலிக்கலையாடா?"

"என்னது வலிக்கலையா?" என்றார் பெயின்டர், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"மாத்திரை போடுறியா இல்லையா?"

"அதை எப்பவோ கடாசிட்டேன்."

"யாரு கடாசச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? தினமும் கண்ணு முன்னாடி சுத்தியலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறியே, அது போதாதா? நீ மாத்திரை இல்லாம இருப்ப, நான் மட்டும் இளப்பமா? தங்கச்சிகிட்ட மூச்சு விடல. டாக்டரைப் பாருங்கண்ணேன்னு ஆரம்பிச்சிடும். நல்லாக் குறைச்சுக் காட்டி அசத்தலாம்னு இருந்தேன்."

டிங்கர் போய்ப் பட்டி டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். பெயின்டர் அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். அதே மாத்திரை. அவரும் போட்டுக்கொண்டிருந்த அதே நிறம்.

"இது யாருது?"

"என்னுது."

"எப்ப இருந்து?"

"அவ படிச்சு முடிக்கிறதுக்கு முந்தி இருந்து."

பெயின்டர் திட்டுவார் என்று டிங்கர் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் யாரைப் பார்த்துடா நிறுத்தினேன்?" என்றார் பெயின்டர். அவ்வளவு மெதுவாக அவர் பேசி டிங்கர் கேட்டதில்லை.

பிறகு அவரே சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போனா யாரு நிறுத்தச் சொன்னாங்கன்னு கேப்பான். தங்கச்சி பேரு அடிபடும். இன்னிக்குத்தானே பஸ் கம்பெனி? அது முடியட்டும். நாளைக்குப் போய்க்கலாம் மச்சான். எனக்குத்தான் வலியே இல்லையே."

டிங்கர் அந்தக் காலைக் கையில் பிடித்துக்கொண்டே யோசித்தார். ஆமாம், நாளைக்குப் போகலாம் என்று மனசு சொன்னது. ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் சொன்னது. நண்பனின் புண்ணைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மனைவியின் கூட்டத்தைக் கணக்குப் போட்டது. பன் தின்றதும், டப்பாவில் ஒளித்ததும், முன்வரிசையில் சிரித்ததும் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால்தான் அவருக்குப் பிறகெல்லாம் சோறு இறங்காமல் போனது.

வாடை மறுபடி மூக்கில் ஏறியது. "எழுந்திருடா" என்றார்.

பாதி தேய்த்த வெள்ளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு நேரா வந்துடுங்க" என்றாள் அவள்.

அவர் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷன், பன்னிலிருந்து குதிகால்வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் கீழ்க்கடையில் சாவி அறுக்கிற மெஷின் கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

உள்ளே, டாக்டர் காலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானா நிறுத்தினது" என்றார் பெயின்டர்.

டாக்டர் நிமிர்ந்து, கூட நிற்கிறவரை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்க சொல்லக் கூடாதா? நீங்க ஒழுங்காப் போடுறவராச்சே!"

பெயின்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டிங்கருக்கு நிற்க இடம் இல்லாமல் போனது. அறை பெரியதுதான்.

கால் தப்பிக்கும், குதிகாலில் சதை நிறைய எடுக்க வேண்டியிருக்கும், பழையபடி நின்று வேலை பார்ப்பாரா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்கள். பெயின்டிங் நின்று பார்க்கிற வேலை.

பொழுது சாயும் நேரத்தில் அவள் வந்தாள். கூட்டத்துக்கு உடுத்தினதோடு வந்திருந்தாள். முதலில் கட்டிலுக்குப் போனாள்.

"அண்ணே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ திட்டுவியே தங்கச்சி."

"திட்டு வாங்கியிருந்தா கால் நல்லா இருந்திருக்குமே." அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் டிங்கருக்கு ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்தாள்.

"கூட்டம்?" என்றார் அவர்.

"போனேன். எங்க உங்க வீட்டுக்காரர்னு கேட்டாங்க. அவர் மாத்திரை போடுறவர், எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்னு சொன்னேன். ஒருத்தன் சிரிச்சான். சொல்லி அனுப்புறோம்னாங்க."

அவர் தலை கவிழ்ந்தார். அவள் திட்டவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பாடம் சொல்லிக்குடுத்த அம்மா அப்பவே கேட்டாங்க. இவ்வளவு வேகமா எப்படி இறங்குச்சு, வேற ஏதாவது எடுத்துக்கிறாரான்னு. என் வீட்டுக்காரர் சொன்ன சொல்லைத் தாண்ட மாட்டார்னு சொன்னேன். உங்ககிட்ட கேக்கவே இல்ல. கேட்டா கையை விட்டுப் போயிடுமோன்னு பயம். ஊர்ல வர்றவங்களை எல்லாம் முதல் கேள்வியா என்ன மாத்திரை போடுறீங்கன்னு கேக்குறேன். வீட்டுல இருக்கிறவரைக் கேக்கல. அப்ப நான் என்ன படிச்சேன்?"

"தப்பு என்னுதுதான்" என்றார் அவர்.

"உங்களுது உங்களுது. என்னுது என்னுது. கலக்காதீங்க."

பிறகு போனை எடுத்தாள். அவளிடம் வருகிறவர்களில் யார் யார் அவரைப் பற்றி ஆசையாக விசாரித்தார்கள் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "மாத்திரையை நிறுத்தியிருந்தா இப்பவே டாக்டரைப் போய்ப் பாருங்க. நான் சொன்ன கதை நெசம் இல்லீங்க. என் வீட்டுக்காரர் மாத்திரை போடுறாரு." அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னாள். சிலர் கத்தினார்கள், பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டது. அவள் முடியும்வரை கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் டிங்கருக்குத் தலையில் சுத்தியல் விழுந்தது. எழுந்து போய்விடலாம்போல இருந்தது. போகவில்லை.

ஒரு வயசான அம்மாவோடு பேச்சு நீண்டது. "இல்லம்மா... நீங்க மாத்திரை இல்லாம இருக்கீங்கன்னு நான் பொறாமையில சொல்லல... ஆமா, நானேதான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன்..." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்களே சொல்லுங்க."

அவர் வாங்கிக் காதில் வைத்தார்.

"அம்மா, நான்தான் அவ வீட்டுக்காரன் பேசுறேன். நான் மாத்திரை போடுறேன்மா. ரொம்ப நாளா. அவளுக்குத் தெரியாம."

அந்த அம்மா கேட்டாள்: "அன்னிக்கு முன்னாடி உக்காந்து சிரிச்சிக்கிட்டு இருந்தீங்களே, அது யாருப்பா?"

"நான்தான்மா" என்றார் டிங்கர்.