தபால்தலையின் பின்பக்கம்

கழுதைப்புலி தபால்தலை விற்பனைக்கு வந்த அன்று, அதை நாக்கில் நனைத்து உறையில் ஒட்டிய அத்தனை பேர் வாயிலும் மூன்று நாள் கிடந்து அழுகிய மானின் ருசி ஏறியது. அழுகிய மானை அவர்களில் யாரும் தின்று பார்த்ததில்லை. இருந்தாலும் அது மான்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நண்பகலுக்குள் தலைமைத் தபால் நிலையத்தின் வாசலில் வரிசையாக நின்று துப்பினார்கள். துப்புரவுப் பணியாளர் இரண்டு முறை கழுவிவிட்டார். மூன்றாவது முறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். படத்தை வரைந்தவளின் மாமியார், வெளியூரில் இருக்கும் மகளுக்கு எழுதிய கடிதத்துக்கு அதை ஒட்டப்போய், சமையலறைத் தொட்டியில் குனிந்து குமட்டிக்கொண்டே, "உன் புருஷன் காய்ச்சுற பசையில எலி விழுந்து செத்திருக்கு" என்றார். குறை சொல்லும்போது மட்டும் தன் மகனை அவர் அப்படித்தான் குறிப்பிடுவார்.

அந்த மகன் தபால்தலை அச்சகத்தின் பசைப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்த்தவர். தினமும் காலையில் அண்டாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் இயந்திரத்துக்கு அனுப்புவார். மறுநாளே அவரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். அண்டாக்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் புதுப் பசை காய்ச்சினார்கள், மான் போகவில்லை. வேறோர் அச்சகத்திலிருந்து பசையை வரவழைத்தார்கள், அதிலும் மான். அப்படியும் விசாரணை முடியட்டும் என்று அவரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். அவர் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "நான் ருசி பார்த்துத்தான் அனுப்பினேன். சுத்தமாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவிக்குக் காரணம் தெரியும். பன்னிரண்டு நாள் மிருகக்காட்சிசாலைக் கூண்டுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்து, தபால்தலையைப்போல ஆறு மடங்கு பெரிதாக அவள் வரைந்த முதல் படத்தில், கழுதைப்புலியின் காலடியில் வயிறு கிழிந்த மான் ஒன்று கிடந்தது. ஈரமான தாடை, மேலே இரண்டு ஈக்கள். தேர்வுக் குழுவின் ஐந்து பேரும் அதைப் பார்த்ததும் பிஸ்கட் தட்டை அந்தப் பக்கம் தள்ளிவைத்தார்கள். "மானை எடுத்துடுங்கம்மா. வாயையும் கொஞ்சம் துடைச்சுவிடுங்க. அப்படியே லேசா ஒரு சிரிப்பு குடுத்தீங்கன்னா குழந்தைங்களுக்குப் பிடிக்கும்" என்றார் தபால்தலைத் துறை இயக்குநர். அவள் நாலு நாள் பிளேடால் சுரண்டினாள். ரத்தத்தை வரைந்தபோது வராத அருவருப்பு, அந்த வாயோரத்தை மேலே வளைத்தபோது வந்தது. சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவியும் விரலில் அந்தச் சிரிப்பு பிசுபிசுத்தது.

அதனால் கணவரை நீக்கிய பிறகு மானோடு கூடிய படத்தை மறுபடி வரைந்து எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள். "முன்பக்கம் சுரண்டினதெல்லாம் பின்பக்கம் போயிருக்கு சார். ஒரே ஒரு தாள் இப்படி அடிச்சுப் பாருங்க" என்றாள். அடித்தார்கள். இயக்குநர் ஒன்றைக் கிழித்து நக்கிப் பார்த்தார். வெறும் பசை, கொஞ்சம் இனிப்பு. குமாஸ்தாக்களைக் கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுத்தார், அவர்களும் தலையாட்டினார்கள். பிறகு அவர் தாளைத் திருப்பிப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஏதோ அசிங்கத்தை மூடுவதுபோலக் கோப்பால் மூடினார்.

"ருசி கொஞ்ச நேரத்துல போயிடும்மா. படம் ஆல்பத்துல காலத்துக்கும் இருக்குமே."

"அப்ப எங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுங்க" என்றாள்.

"அடுத்த வரிசையையும் இதே மாதிரி சிரிக்க வச்சு வரைஞ்சு தரேன்னு சொல்லுங்க, இப்பவே எழுதித் தரேன்."

அவள் சரி என்றாள். கடிதத்தை வாங்கிக்கொண்டு இறங்கியவள் படிக்கட்டின் கீழே நின்று துப்பினாள். அன்று அவள் எதையும் நக்கவில்லை.

அதன்பின் ஒன்பது வருடத்தில் இருபத்திரண்டு விலங்குகள் வெளிவந்தன. கழுகு கக்கியதும், காட்டுப்பன்றி புரண்ட சாக்கடையும், புண்பட்ட சிங்கத்தின் சீழும் வீடு வீடாகப் போயின. தபால் நிலையங்களில் ஈரப் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். பஞ்சு நாறியதில் கூடமே நாறியது, ஆகவே மக்கள் நாக்குக்கே திரும்பினார்கள். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, கூடுதல் பொறுப்போடு: ஒவ்வொரு புது வெளியீட்டிலும் முதல் தாளை ருசி பார்த்து, என்ன ருசி என்று எழுதித் தர வேண்டும். அதை விலைப் பட்டியலில் தனிக் கட்டம் போட்டு அச்சடித்து ஒட்டினார்கள். ஜனங்கள் அண்ணாந்து வாசித்துவிட்டு, "கழுகுக்குப் பன்றி தேவலை, அதுல நாலு குடுங்க" என்று வாங்கிப் போனார்கள். ஆல்பங்களில் எல்லா விலங்குகளும் சிரித்துக்கொண்டிருந்தன.

பன்றி வெளியான அன்று கணவர் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்ததைப் பார்த்து, "இனிமே எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றாள் அவள்.

"உனக்கு எதுக்கு இந்தக் கர்மம்?"

"சுரண்டுறது நான்தானே."

அதிலிருந்து வெளியீட்டு நாட்களில் அவர் மதியமே ஒரு தபால்தலையோடு வந்துவிடுவார். அன்று வீட்டில் சமையல் கிடையாது. அவள் நக்கிய பிறகு இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, நடுவில் தண்ணீர்க் கூஜாவை வைத்துக்கொண்டு, ருசி போகும்வரை காத்திருப்பார்கள். முயல் சீக்கிரம் போய்விட்டது. முதலைக்கு விளக்கு வைக்கும் நேரமாயிற்று.