செத்த கிருமியின் விஷம்

"கிருமி செத்துட்டா அதோட விஷமும் செத்துடுமாப்பா?"

வாந்தி எடுத்து ஓய்ந்து கிளினிக் படுக்கையில் கிடந்த மகள் பவானேஸ்வரி அப்படிக் கேட்டபோது, "பேசாம படு!" என்று அதட்டினார் சேகரன். கோபம் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. டுரியான் துங்கால் தோட்டத்துக் கோயிலில் அன்றைய பூஜை அவருடைய உபயம். சுண்டல் சாப்பிட்ட முப்பது பேரும் சுருண்டு விழுந்தார்கள்.

"ஊசிப்போனதைச் சூடு பண்ணிப் போட்டியா? இனிமே இங்க நீ அடுப்புப் பத்த வைக்கக் கூடாது!" என்று சமையல்காரி கருப்பாயியை எல்லார் முன்னாலும் ஏசிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"நல்லாத்தான் சூடு பண்ணேன் தம்பி" என்றாள் அவள். அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே பிள்ளை வாந்தி எடுத்த இடத்தைத் துடைத்துக் கழுவிவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்துச் சுகாதார அலுவலகத்துத் திலகவதி வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, சுண்டல்ல கிடைச்சதும், அன்னிக்கு கிளினிக்குல உங்க விரல் புண்ணுலேருந்து எடுத்த சீழ்ல கிடைச்சதும் ஒரே கிருமி."

"விளையாடாத லா! அது எல்லார் தோல்லயும் இருக்குமாமே?"

"இருக்கும். ஆனா எல்லாத்துக்கும் விஷம் செய்ய வராது. அதுக்குன்னு ஒரு மரபணு வேணும். எப்பவோ ஒரு வைரஸ் அதைக் கொண்டாந்து உங்க கிருமிக்குள்ள செருகியிருக்கு. சுண்டல்லயும் அதே மரபணு. கருப்பாயி அக்கா கை சுத்தம்."

"சூட்டுல செத்திருக்கணுமே?"

"கிருமி செத்துச்சு. ஆனா மத்தியானம் தேங்காய்ப்பூ கலந்ததுலேருந்து சாயங்காலம் சூடு பண்ற வரைக்கும் அது செஞ்சு வெச்ச விஷம் கொதிச்சாலும் போகாதுண்ணே."

உபயக்காரர் தம் கையாலேயே தேங்காய்ப்பூ கலக்க வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். சாமி காரியத்துக்குத் தீட்டாகுமே என்று, சீழ் கட்டிய விரலிலிருந்து பிளாஸ்டரைப் பிய்த்தெறிந்துவிட்டுத்தான் அவர் கலக்கினார். பக்தி என்று நினைத்துச் செய்தது! அத்தனை நாளும் கருப்பாயியின் மேல் எரிந்த கோபம் இப்போது அவர் மேலேயே திரும்பிப் பொசுக்கியது.

ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ தடை போட வேண்டியது உனக்குத்தான் லா!" என்றார் தலைவர் சிவசாமி. எல்லாரும் சிரித்தார்கள். சேகரன் கருப்பாயியின் பக்கம் திரும்பி, மறுபடி சமைக்க வரும்படி கேட்டார். கருப்பாயி சிரிக்கவில்லை.

"வேலைக்கு வரேன். ஆனா நீ பேசினது இன்னும் காதுல இருக்கு தம்பி."

அடுத்த வெள்ளி விடிந்ததும் சேகரன் கருப்பாயி சமைக்கும் கோயில் பின்கட்டுக்குப் போனார். யாரும் வந்திருக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, அடைத்துக் கிடந்த வடிகாலிலிருந்து அழுகிய இலைகளை வாரி எடுத்தார். தரையை இரண்டு முறை தேய்த்துக் கழுவினார். தொலைவில் கருப்பாயியின் குடை தெரிந்ததும் பக்கவாட்டு வழியாக வேலைக்குப் புறப்பட்டார்.