உதறாத வலை

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏரிக்காரி அந்த ரகத்தில் முதல் வரிசை. முயலுக்குப் பதில் அவள் பிடித்தது ஒரு மீன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏரிக்காரி என்பது அவளுடைய அக்கா வைத்த பெயர். மீன்வளத் துறையில் களப்பணி. கரையில் நின்றால் மறுகரை தெரியாத ஏரியில் சாயங்காலம் வலை விட்டு, காலையில் இழுத்து, சிக்கிய மீனை அளந்து, எடை போட்டு, மறுபடி தண்ணீரிலேயே விடுகிற வேலை. "ஏரிக்குப் போறவங்க எல்லாரும் வீட்டுக்கு மீனைக் கொண்டு வருவாங்க, இவ நாத்தத்தை மட்டும் கொண்டு வர்றா" என்பது அக்காவின் நிரந்தரப் புகார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அவள் பிடித்த பிடி இதுதான்: வரிமீன் இந்த ஏரியில் தானாகவே குஞ்சு பொரிக்கிறது. ஒரு காலத்தில் ஏரி முழுக்க இருந்து, பிறகு அற்றுப்போன மீன் அது. துறை தன் பண்ணையில் குஞ்சு வளர்த்து வருடா வருடம் கொண்டுவந்து விட்டது. விட்டவை வளர்ந்தன, கொழுத்தன. ஆனால் இங்கேயே இனம் பெருக்குகின்றனவா என்பதற்குத்தான் சாட்சி இல்லை. பண்ணையிலிருந்து வருகிற குஞ்சு எதுவும் விரல் நீளத்துக்குக் குறைந்து இருக்காது. அதைவிடச் சின்னதாக ஒன்று ஏரியில் கிடைத்தால் போதும், அது இங்கே பிறந்தது என்று அர்த்தம். அந்த ஒன்று அவள் கையில் சிக்கவே இல்லை.

சிக்காமல் போனால் போகட்டும் என்று விட முடியாத நிலைமை. வடகரையில் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு கூழாங்கல் திட்டு இருக்கிறது. வரிமீன் முட்டையிடுவது அந்தக் கல்லிடுக்கில்தான் என்று அவள் அடித்துச் சொன்னாள். அதே இடத்தில் உல்லாசப் படகுகள் வந்து நிற்க ஒரு படகுத்துறை கட்டப் போகிறார்கள். கல்லை வாரி ஆழப்படுத்த மண்வாரி இயந்திரம் வந்து கரையில் நிற்கிறது. மீன்வளத் துறை அதிகாரி ஒப்புதல் தர வேண்டியதுதான் பாக்கி. அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவள் வாங்கிய தவணை இந்த வாரத்தோடு முடிகிறது.

"உன் மீன் முட்டை போடலேன்னா நீ என்ன பண்ணுவே, நீயா போடுவே?" என்றாள் அக்கா. ஏரிக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயம் முதல்முறையாக வந்தது.

அன்று காலை அவளும் படகோட்டியும் திட்டின் ஓரத்தில் விட்டிருந்த வலையை இழுக்கப் போனார்கள். படகோட்டி அவளைவிட மூத்தவர், துறையில் அவளுக்கு முன்பே சேர்ந்தவர். அவருக்கு ஏரியின் மேல் மரியாதை, அவள் மேல் பிரியம், அதிகாரிகள் மேல் இரண்டும் இல்லை. பாதி வலையை இழுக்கும்போதே காற்று கிளம்பிவிட்டது. அலை எழுந்து படகின் விளிம்பைத் தாண்டியது. எந்திரம் இருமியது. அவர் வலையை வாரிச் சுருட்டி, பாசியும் சகதியுமாக அப்படியே படகுக்குள் போட்டார்.

"அண்ணே! உதறாம ஏத்துறீங்க!"

"உதறிக்கிட்டு நின்னா நாமளும் மீனோட மீனா போக வேண்டியதுதான். உக்காரும்மா முதல்ல!"

வலையை நீரிலேயே நன்றாக உதறி, ஒட்டிய பாசியெல்லாம் போன பிறகுதான் படகில் ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். பாசியோடு சுருட்டினால் கண்ணி அடைத்துக்கொள்ளும், வலை நாறும். அந்த ஒழுங்கில் அவளைப் போலக் கண்டிப்பானவர் துறையிலேயே கிடையாது. அவளுடைய வலை படகுக்குள் வரும்போது அப்போதுதான் கடையில் வாங்கியது போல இருக்கும். அதனால் கரை சேர்ந்து, கொட்டகைக்குள் குந்தி, வெள்ளைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பாசியைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்துப் போடும்போது வாய் ஓயாமல் திட்டினாள். காற்றைத் திட்டினாள், எந்திரத்தைத் திட்டினாள், அண்ணனைக் கொஞ்சம் மெதுவாகத் திட்டினாள்.

தொட்டியில் ஏதோ நகர்ந்தது.

பூச்சி என்றுதான் நினைத்தாள். குனிந்து பார்த்தாள். பூச்சிக்கு வால் இராது. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்தாள். அவசரத்தில் கண்ணாடி தண்ணீரில் விழுந்தது, எடுத்துத் துடைத்து மறுபடி பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லாத உடம்பு. வாலடியில் ஒரு கறுப்புப் புள்ளி. தலையிலிருந்து அந்தப் புள்ளி வரைக்கும் நூல் பிடித்தது போல ஒரு வரி.

"அண்ணே," என்றாள். அவர் காதில் விழவில்லை. மறுபடி, "அண்ணே!"

அவர் வந்து எட்டிப் பார்த்தார். பாசிக்குள் இன்னொன்று துடித்தது. பக்கத்தில் செத்துப்போன ஒன்று. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கியது. குஞ்சுகள் பெரிய மீன்களுக்குப் பயந்து பாசிக்குள் ஒளிந்து வாழ்கின்றன. பாசி வலையில் ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது. ஒவ்வொரு காலையும் சாட்சியைத் தூக்கி, நன்றாக உதறி, திரும்பத் தண்ணீரில் போட்டுவிட்டு, சாட்சி இல்லையே என்று அழுதிருக்கிறார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

படகோட்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு உட்கார நேரமில்லை. உயிரோடு இருந்த இரண்டையும் ஒரு கண்ணாடிக் குடுவையில் விட்டு, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். வெகுநேரம் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வரிமீன்தான். சந்தேகமே இல்ல. ஆனா..."

அந்த ஆனாவிலேயே அவளுக்கு முகம் தொங்கிவிட்டது.

"பண்ணைக்கும் ஏரிக்கும் நாம ஒரே வாளி, ஒரே தொட்டியைத்தானே கொண்டுபோறோம்? பண்ணைத் தண்ணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு எவனாவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கும்மா. நம்பிக்கையை வெச்சு மெஷினை நிறுத்த முடியாது. நாளைக்கு நானே வர்றேன். என் கண்ணு முன்னால எடு."

அவர் கேட்டது சரி. அவளே அவர் நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள். அதுதான் அதிகமாகச் சுட்டது.

கையால் பிய்த்தால் குஞ்சு நசுங்கிச் சாகிறது என்று கண்டிருந்ததால், வீட்டுக்குப் போனதும் சமையலறையில் மாட்டியிருந்த மாவுச் சல்லடையை எடுத்தாள்.

"ஏய், அதை எங்கே கொண்டு போறே?"

"மீன் சலிக்க."

"முத்திப் போச்சு," என்றாள் அக்கா. ஆனால் தடுக்கவில்லை. தங்கையின் முகத்தில் என்ன கண்டாளோ, பெரிய கண் சல்லடை ஒன்றையும் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் எல்லாம் புதிதாகக் கழுவிய சாமான். தொட்டியையும் வாளியையும் அதிகாரி தானே கவிழ்த்துப் பார்த்தார். மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்தார். மேசையில் இருந்த கம்பீரம் தண்ணீரில் பாதிதான் மிச்சம். முந்தின சாயங்காலம் இரண்டு வலை விட்டிருந்தார்கள், திட்டின் கீழ்ப்பக்கம் ஒன்று, மேல்பக்கம் ஒன்று.

கீழ்ப்பக்க வலையை உதறாமல் ஏற்றினார்கள். பாசியைச் சல்லடையில் வைத்துத் தொட்டி நீரில் அலசினாள். நத்தை வந்தது. புழு வந்தது. கண்ணாடி போன்ற குட்டி இறால் வந்தது. மீன் வரவில்லை. எல்லாக் கொத்தையும் அலசியாயிற்று.

"பரவாயில்லம்மா," என்றார் அதிகாரி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கரையில் இயந்திரத்தின் மஞ்சள் உடம்பு தெரிந்தது. அதன் ஓட்டுநர் நிழலில் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"இன்னொண்ணு இருக்கு சார்," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

மேல்பக்க வலை கனமாக வந்தது. படகோட்டி இழுத்தார், இழுத்தார், முதல் முழம் நீருக்கு மேல் வந்ததும் அவருடைய இரண்டு கைகளும் பழக்க தோஷத்தில் தானாக உயர்ந்தன.

"உதறாதீங்க!"

கத்தியதோடு நில்லாமல் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டாள். படகு ஒருபக்கம் சாய்ந்தது. அதிகாரி வழுக்கிப் படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒருவரும் அவரைத் தூக்கவில்லை. இருவர் கண்ணும் வலையில் இருந்தது. குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல இரண்டு பேருமாக அதைத் தொட்டிக்குள் இறக்கினார்கள்.

முதல் கொத்தை அலசினாள். ஒன்றுமில்லை. இரண்டாவது கொத்தைச் சல்லடையில் வைத்து ஒருமுறை ஆட்டினாள். வெள்ளைத் தொட்டியின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் தூவிவிட்டது போல வரத் தொடங்கின. மூலைக்கு ஓடி, மோதி, திரும்பி, கூட்டமாகச் சேர்ந்து நீந்தின. எல்லாம் உயிரோடு.

அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே நகர்ந்து வந்து தொட்டிக்குள் தலையை நீட்டினார். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை தவறியது, முதலிலிருந்து எண்ணினார், மறுபடி தவறியது. விட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"இங்கேயே பொறந்ததுதான்," என்றார். "எவன் கேட்டாலும் நான் சொல்றேன்."

ஏரிக்காரிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை, துடைக்கவும் தோன்றவில்லை. ஜெயித்துவிட்டாள். இத்தனை வருடம் ஊரும் துறையும் சொந்த அக்காவும் சிரித்த சிரிப்புக்கெல்லாம் சேர்த்து ஜெயித்துவிட்டாள்.

படகோட்டி மட்டும் முகம் வாடி நின்றார். "எத்தனை வருஷமா என் கையால உதறி உதறித் தொலைச்சேன். உன் சாட்சி அத்தனையும் தண்ணியில போச்சே."

"நல்லா உதறினீங்க அண்ணே. படகுல ஏத்தியிருந்தா எல்லாம் புட்டியில செத்து மிதந்திருக்கும். நீங்க உதறினதுதான் இப்போ வளர்ந்து முட்டை போட்டிருக்கு."

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. மாதிரிக்கு இரண்டை மட்டும் குடுவையில் வைத்துக்கொண்டு, மீதியை அவரையே திட்டின் மேல் விடச் சொன்னாள். தொட்டியைச் சாய்த்ததும் குஞ்சுகள் கல்லிடுக்குகளுக்குள் சிதறி மறைந்தன. மீன் குஞ்சுக்கு நீந்தவா சொல்லித்தர வேண்டும்?

அப்போது கரையில் படுத்திருந்த இயந்திர ஓட்டுநர் எழுந்து, சோம்பல் முறித்து, வாயருகே கையைக் குவித்துக் கூவினார்.

"என்ன சார், ஆரம்பிக்கலாமா?"

"கூடாது!" என்று படகிலிருந்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதில் ஓங்கிக் கேட்டது, கால்சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து நின்ற அதிகாரியின் குரல்.