தேமிஸ் வீட்டில் இறங்கிய பதினோரு குளிர்காலங்கள்

அக்டோபர் பதினான்காம் தேதி காலை பத்தேகாலுக்கு, கிரேக்க நாட்டுக் கலமாத்தா கடற்கரையில் ஜனங்கள் நீந்திக்கொண்டிருந்த நேரத்தில், தேமிஸின் மூன்றாம் மாடி வீட்டு வரவேற்பறையில் வெண்பனி பெய்யத் தொடங்கியது. காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. கட்டடத்துக்குப் பொதுவான பாய்லரைப் பதினோரு வருஷமாக யாரும் பற்றவைக்கவில்லை. வீடுகளுக்குச் சூடு கொண்டுபோகும் குழாய்களில் பதினோரு குளிர்காலங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தன. குழாயில் சிக்கிய எதுவும் மேலேதான் ஏறும். ஆகவே மெக்கானிக் தசூலா மேல்மாடிக்கு வந்து, சுவரோரம் நிற்கும் இரும்பு ரேடியேட்டரில் சின்னச் சாவியைப் போட்டுத் திருகியதும், போன வருஷத்துக் குளிர்காலம் உஸ்ஸென்று முதலில் வெளியே வந்தது.

தேமிஸ் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்; கட்டடத்தின் நிர்வாகியும் அவரே. பாய்லர் அறைச் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் தொங்கும். சூடு கேட்டு யார் வந்தாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "நம்ம ஊர்ல குளிர்காலம்கிறது ரெண்டு வாரம் தங்கிட்டுப் போற விருந்தாளி. அதுக்குப் போயி பாய்லரா? இருபது தடவ உக்காந்து எந்திரி, தானா சூடு வரும்." கீழ்த்தளத்தில் கல்யாண உடைகள் தைக்கும் பொலிக்ஸேனி முதல் மூன்று வருஷம் உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். ஜனவரியில் அவள் விரல்கள் விறகாகிவிடும். கடலின் ஈரம் தரைவழியே ஏறி முட்டிவரை வரும். இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் ஊசியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்ன அன்றே பாய்லரைப் பற்றவைக்கச் சொல்லிக் கட்டடத்தின் ஐந்து குடும்பங்களிடமும் கையெழுத்து வாங்கினாள். தசூலாவுக்குப் போன் செய்தாள்.

கையெழுத்துகளைப் பார்த்துத் தேமிஸ் வேண்டாவெறுப்பாகப் பாய்லர் அறையைத் திறந்துவிட, தசூலா புகைக்கூண்டைத் துடைத்தாள், எண்ணெய் எரிக்கும் பர்னரைக் கழற்றி மாட்டினாள், தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாள். "எல்லாம் சரி. ஆனா மேல இருக்கிற குளிர்காலமெல்லாம் இறங்கினாத்தான் கீழ சூடு ஏறும்," என்றாள்.

ஒரு குளிர்காலம் இறங்க ஒன்றரை நாள் பிடித்தது. மூன்றாவது இறங்கியபோது சோபா மறைந்தது. ஐந்தாவதில் ஆலங்கட்டி விழுந்து அலமாரிக் கண்ணாடி உடைந்தது. தெருக் குழந்தைகள் நீச்சல் உடையோடு படியேறி வந்து பனியுருண்டை பிடித்து எறிந்தார்கள். எதிர்வீட்டு மீன்காரர் இரண்டு பெட்டி மத்தியைத் தேமிஸின் சாப்பாட்டு மேஜையடியில் வைத்துவிட்டுப் போனார். தேமிஸ் மேலங்கியும் காதுமூடிய தொப்பியுமாகத் தன் வீட்டிலேயே குந்தி எழுந்துகொண்டிருந்தார். எட்டாவது குளிர்காலத்தன்று பல் கிட்டிப்போய், கீழே போய் பொலிக்ஸேனியின் கதவைத் தட்டினார்.

"என்ன நிர்வாகி, இருபது தடவ போதலையா?" என்றாள் அவள். "நாப்பது எடுத்துப் பாருங்களேன்."

"எடுத்தாச்சும்மா. முட்டிதான் போச்சு."

அவள் சிரித்துக்கொண்டே சூடாக ஒரு கிண்ணம் பயறு சூப் கொடுத்தாள். அவர் அவளுடைய விரல்களைப் பார்த்தார். அக்டோபரிலேயே கணுக்கள் வீங்கியிருந்தன. சூப்பை மிச்சமில்லாமல் குடித்தார்.

பத்தும் இறங்கிய பிறகு, பதினொன்றாவதற்காகத் தசூலா சாவியைத் திருகப் போனபோது தேமிஸ் அவள் கையைப் பிடித்தார். அடியில் கிடப்பது பாய்லரை முதன்முதலாக அவர் பற்றவைக்காமல் விட்ட குளிர்காலம். அவர் மனைவி அரெத்தி உயிரோடிருந்த கடைசிக் குளிர்காலம் அதுதான். வசந்தத்தில் அவள் இதயம் நின்றது. குளிருக்கும் அதற்கும் சம்பந்தமா என்று டாக்டரிடம் கேட்க அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை.

"இது இருக்கட்டும். இதைத் தொடாதே," என்றார்.

தசூலா சாவியைப் பையில் போட்டாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பொலிக்ஸேனி படியேறி வந்து, ஈரச் சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அரெத்திய எனக்கும் தெரியும், தேமிஸ். அவளை ஒரு இரும்புக்குள்ள அடைச்சு வச்சா சும்மா இருப்பாளா? எனக்காக வேணாம். அவளுக்காகத் திறங்க."

அவரே திறந்தார். பனி வரவில்லை, பொடித்தூறலும் ஆரஞ்சுத்தோல் வாசனையும் வந்தன. பின்னாலேயே அறை முழுக்க அரெத்தியின் குரல் வந்தது: "யோவ் தேமிஸ்! பாய்லரைப் போடுய்யான்னு எத்தனை தடவ சொல்றது? காதை வாடகைக்கு விட்டுட்டியா?"

பொலிக்ஸேனி ஏப்ரன் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தேமிஸுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. "இதோ போறேன்டி," என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் மூன்று மாடியும் இறங்கி, பாய்லர் அறையைத் திறந்து பொத்தானை அழுத்தினார். முக்கால் மணி நேரத்தில் கீழ்த்தளத்து ரேடியேட்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானது. அந்த ஜனவரியில் பொலிக்ஸேனி நான்கு மணப்பெண்களுக்குத் தைத்தாள்.

இப்போதெல்லாம் ஊரில் யாராவது தசூலாவைக் கூப்பிட்டுப் பாய்லரைத் தயார் செய்யச் சொன்னால், எத்தனை வருஷமாகப் பற்றவைக்கவில்லை என்றுதான் முதலில் கேட்கிறாள். "நாலு வருஷமா? அப்ப தரைவிரிப்பையெல்லாம் சுருட்டி வச்சிடுங்க. வியாழக்கிழமை மம்பட்டியோட வரேன்," என்று சொல்லி, விலாசத்தைக் குறித்துக்கொள்கிறாள்.